முப்பத்திரண்டு பாதங்கள்

முதலில் வந்த கால் பெனிட்டாவுடையது. நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை. சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் அது பெனிட்டாதான், ஒன்பது வருடமாக இந்தக் கால்களுக்கு அல்தாச் சாயம் வைக்கிறவளுக்கு முகம் எதற்கு. நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் பிளாஸ்டிக் நாற்காலியில், அவள் வலது பாதம் என் மடியில் விரித்த பழைய துண்டின்மேல். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிக் கிண்ணத்துச் சிவப்பில் தோய்த்து முதலில் கட்டைவிரல், பிறகு மற்ற நான்கு, பிறகு பாதத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரே இழுப்பில் கோடு, நடுவில் ஒரு வட்டம். கோடு குதிகாலில் நிற்காமல் போக வேண்டும், நின்றால் மறுபடி எடுக்கிற இடத்தில் திட்டு விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். திட்டு விழவில்லை. கை நடுங்குமோ என்றுதான் ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன், கை பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கிறது, நடுங்குவது உள்ளே வேறு எதுவோ. மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் உறையூரில் இந்த மண்டபத்துக்காரர் அரையாண்டு லீவில் ஒருநாள் மண்டபத்தை டான்ஸ் மிஸ்ஸுக்குச் சும்மா கொடுத்துவிடுவார், நாங்கள் அம்மாக்கள் எல்லோரும் மதியமே வந்து மணமகள் அறையைப் பிடித்துக்கொள்வோம். கண்ணாடி ஓரம் முழுக்க எந்தெந்தக் கல்யாணப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். யுவி வந்ததும் அதைத்தான் எண்ணுவாள். போன வருடம் இருபத்தேழு என்றாள். இல்லை, போன வருடம் இல்லை, அதற்கும் முந்தின வருடம். இந்த வருடம் எத்தனை இருக்கும். எண்ணாதே, இடது காலைப் பார்.

போன வருடம் நிகழ்ச்சியே நடக்கவில்லை. போன வருடம் ஐப்பசி மழையில் யுவி, என் மகள் யுவஸ்ரீ, பதின்மூன்று வயது, டெங்குக் காய்ச்சலில் ஐந்து நாளில் போய்விட்டாள், மிஸ் மேடை நிகழ்ச்சி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். இதை இப்படி ஒரே மூச்சில் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. இப்போது சொல்லிவிடுகிறேன், காய்கறிக்காரரிடம்கூடச் சொன்னேன், என்னம்மா, பாப்பாவக் காணும் என்று கேட்டார், சொன்னேன், அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார், ஒரு கட்டு கீரை அதிகமாகப் போட்டார். மனிதர்களுக்கு வேறென்ன செய்யத் தெரியும். பெனிட்டா எழுந்துவிட்டாள், காயாமல் கால் ஊன்றாதே என்று சொன்னதற்கு, குதிகாலால் வாத்து நடை நடந்து மின்விசிறிக்குக் கீழே போய் நிற்கிறாள். அடுத்து இரட்டையர்களில் பெரியவள். இரண்டு நிமிடம் முந்திப் பிறந்தவள், அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவள் அம்மாவுக்குப் பெயர் கிடைத்தது, ஹேமவர்ஷா அம்மா என்றுதான் கூப்பிடுவோம், சின்னவள் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை என்று அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் குறை. எங்கள் டான்ஸ் கிளாஸில் அம்மாக்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. செருப்பைக் கழற்றிப் படியேறும்போதே அதையும் கழற்றிவிட வேண்டியதுதான். ரக்ஷிதா அம்மா, பெனிட்டா அம்மா, ஹேமவர்ஷா அம்மா, போனில் பதிந்து வைத்திருப்பதும் அப்படியே. அப்பாக்களுக்கும் அதே கதி, யுவஸ்ரீ அப்பா கேட்ல நிக்கிறாரு என்பார்கள், மின்வாரியத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர் அங்கே கேட்டைப் பிடித்துக்கொண்டு சாதுவாக நிற்பார். ரக்ஷிதா அம்மாவோடு நான் போட்ட சண்டைகளுக்கு அளவே இல்லை, அவளுடைய நிஜப் பெயர் என்ன என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

யுவஸ்ரீ அம்மா. இந்த ஒரு வருடத்தில் என்னைப் பார்த்து அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. அக்கா என்கிறார்கள். ஏங்க என்கிறார்கள். என்னைவிட நாலு வயது மூத்த பெனிட்டா அம்மாகூட இன்றைக்குக் கேக் டப்பாவை நீட்டிக்கொண்டு வந்து, அக்கா ஒரு துண்டு எடுத்துக்குங்கக்கா என்றாள், கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று நாள் ஆகியும் எங்களுக்கென்று எடுத்துவைத்த கேக், எல்லா வருடமும் கொண்டுவருவாள். எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டபோது முந்திரி தட்டுப்பட்டது, யுவி தன் துண்டிலிருக்கும் முந்திரியைப் பொறுக்கி என் கையில் வைப்பாள், அவளுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது, அவளுக்குத் தெரியாமல் நான் ரக்ஷிதாவுக்குக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் தேவலாம், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் அவர்களுக்கு முடிந்தது. பெரியவர்கள்தான் என் பக்கம் திரும்பும்போது ஒரு நொடி தடுமாறுகிறார்கள், வாய் திறந்து, மூடி, அப்புறம் அக்கா. அந்த ஒரு நொடியில் என் மகள் அவர்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாள், எனக்குத் தெரிகிறது. வந்துவிட்டவளை ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்க முடியுமா. கேட்டு வாங்குகிற பொருளா அது. எனக்கு அந்தப் பெயர் வேண்டும். வேறொன்றும் வேண்டாம், இந்த மண்டபத்துக்கு நான் வந்ததே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன், வந்த பிறகு அதுவே பயமாகவும் இருக்கிறது, யாராவது உண்மையிலேயே கூப்பிட்டுவிட்டால் நான் என்ன ஆவேன். நடு வட்டம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இருக்கட்டும், அடுத்த காலுக்கும் அதே அளவு வைத்தால் சரியாகிவிடும்.

காலையில் இவர் கேட்டார், போவணுமா என்று. சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். மிஸ் கூப்பிட்டிருக்காங்க என்றேன். அவங்க கூப்பிடுவாங்க, உன்னால முடியுமா என்றார். முடியுமா முடியாதா என்று போய்ப் பார்த்தால்தானே தெரியும். இவர் வரவில்லை, வாசலில் இறக்கிவிடக்கூட வரவில்லை, அவரால் முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அந்த மட்டும் அவர் கெட்டிக்காரர். மிஸ் போன் செய்தது கார்த்திகை தீபத்தன்று. விளக்கு வைக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன், கல்பலதா மிஸ் என்று திரையில் வந்ததும் பாதி மணியிலேயே எடுத்துவிட்டேன். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை, அவருக்கு அந்த நாகரிகம் உண்டு. ஒரு உதவி வேணும், காலுக்கு அல்தா வைக்க உங்கள விட்டா ஆளில்ல, நவராத்திரிக்கு வேற ஒருத்தங்க வச்சாங்க, மேடையெல்லாம் செவப்புக் காலு, கோயில்காரங்க ஒரு வாரம் தொடச்சாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வரேன் மிஸ் என்றேன். என் கை பிள்ளைகள் மேல் படலாமா மிஸ், யாரும் ஏதாவது நினைப்பார்களா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவர், அப்புறம் ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பேரு என்னங்க, லிஸ்ட்ல போடணும் என்றார். எந்த லிஸ்ட் என்று தெரியும். ஒவ்வொரு வருடமும் ஆட்டமெல்லாம் முடிந்து, திரை போடுவதற்கு முன்னால், மிஸ் அம்மாக்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிடுவார். தலை பின்னினவர், ஊசி குத்தினவர், அல்தா வைத்தவர் என்று சொல்லி வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுப்பார், பிள்ளைகள் சலங்கையைத் தட்டிக்கொண்டு கத்துவார்கள். இந்த மேடை என் கால்ல நிக்கல, இவங்க கையில நிக்குது என்பார், எல்லா வருடமும் அதே வசனம், எல்லா வருடமும் பெனிட்டா அம்மா அழுவாள். மைக்கில் பெயர் வாசிப்பது ரக்ஷிதா அம்மா, மைக்கை அவளிடமிருந்து பிடுங்க ஆள் பிறக்கவில்லை. ரக்ஷிதா அம்மா, பெனிட்டா அம்மா, யுவஸ்ரீ அம்மா என்று வாசிப்பாள். அந்த லிஸ்ட்.

குங்குமவல்லி என்றேன் மிஸ்ஸிடம். நல்ல பேருங்க என்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார், நல்ல பேர் என்கிறார். எனக்குத் தெரியும், நிறைந்த சபையில் மைக்கில் அந்தப் பெயர் கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று யோசித்துத்தான் கேட்டிருக்கிறார், நல்ல மனசு, அதில் தப்பே இல்லை. தப்பில்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. இந்த ஊர்க் கோயில் அம்மன் பெயர், எங்கள் அம்மா வேண்டிக்கொண்டு வைத்தது, இப்போது ரேஷன் கார்டில் மட்டும் புழங்குகிறது. அந்த லிஸ்ட் அதோ, அலங்கார மேஜையில் பவுடர் டப்பாவுக்குக் கீழே இருக்கிறது, வந்தவுடனேயே பார்த்துவிட்டேன், நீல மசியில் மிஸ்ஸின் முத்து முத்தான எழுத்து, எல்லோரும் யாருக்காவது அம்மா, ஒன்பதாவது வரியில் மட்டும் திருமதி குங்குமவல்லி. யாரோ விருந்தாளி மாதிரி. அடுத்த வருடம் அந்த வரியும் இருக்காது, பிள்ளை இல்லாதவளுக்கு டான்ஸ் கிளாஸில் என்ன வேலை. இந்த ஜனங்கள் இல்லாவிட்டால் நான் எங்கே போவேன். இதைச் சொல்லியாக வேண்டும், யாரிடமும் சொன்னதில்லை. யுவி போன பிறகு பதினாறு நாள், மிஸ் வீட்டையும் சேர்த்துப் பதினாறு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. எங்களுக்குத் தெரியாமல் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருநாளும் இரண்டு வீட்டுக் கேரியர் வந்ததில்லை, ஒருநாளும் வராமலும் இல்லை. வாசலில் வைத்து மணியடித்துவிட்டுப் போய்விடுவார்கள், பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நான்காம் நாள் ரக்ஷிதா வீட்டுக் கேரியர், ரசம், பீன்ஸ் பொரியல், அவள் வரவில்லை, அவள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தனுப்பினேன். துக்க வீட்டிலிருந்து சர்க்கரை கொடுக்கலாமா என்று பிறகு ஒரு வாரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், மகள் போனதை யோசிக்காமல் சர்க்கரையை. வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நாளைக்கு கிளாஸ் ஐந்து மணி, மழையென்றால் இல்லை, தாவணி கட்டி அனுப்பவும். ஒவ்வொன்றையும் படித்தேன், நாளைக்கு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன்.

ஏழாவது பிள்ளை, பெயர் தெரியாது, புதிது, ஐந்து வயது இருக்கும், உள்ளங்காலில் குச்சி பட்டதும் நெளிந்து சிரிக்கிறாள். கூசுதா என்றேன். கூசுது ஆன்ட்டி. எட்டாவது, ஒன்பதாவது. கால்கள் வருகின்றன, போகின்றன, வெடித்த குதிகால், கொசு கடித்துச் சொறிந்த கணுக்கால், வீட்டில் யாரோ அவசரமாகப் பூசிவிட்ட மருதாணி. கைக்கு பெனிட்டா அம்மா வைக்கிறாள், எனக்கு எதிர்ப்பக்கம். சன்னலோரம் தலை பின்னுகிறவள் ரக்ஷிதா அம்மா. நான் அவளைப் பார்க்கவில்லை, வந்ததிலிருந்து ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, ஒரே அறைக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது. மடியிலிருக்கிற துண்டைத் திருப்பிப் போட்டேன். இந்தப் பக்கம் பழைய கறை. அல்தா காலிலிருந்து நாலு நாளில் போய்விடும், துணியிலிருந்து போகாது. இதில் எந்தத் திட்டு யுவியுடையது. இந்த அரை வட்டம் அவள் குதிகாலாக இருக்கலாம், அவளுக்குப் பொறுமை கிடையாது, காயுமுன் எழுந்துவிடுவாள், குளியலறை வாசலில்கூட அவள் கட்டைவிரல் ஒன்று ரொம்ப நாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கால்விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கருவியை மாட்டிவிட்டு, எண் வரவில்லை என்று கழற்றிப் பார்த்து, நகத்துல என்னம்மா சாயம் என்று கேட்டாள். டான்ஸ் ஆடினா, சஷ்டிக்கு என்றேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்துப் பஞ்செல்லாம் சிவப்பு. நான் வைத்த சிவப்பு. வேண்டாம், அங்கே போகாதே. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருந்து சனிக்கிழமைக்குத்தான் வழி, எத்தனை தடவை போய்ப் பார்த்தாயிற்று, அந்த வழியில் வேறு தெருவே கிடையாது.

சனிக்கிழமை வேண்டாம். பத்தாவது பிள்ளை, பாதத்தில் பள்ளம் கம்மி, கோடு நேராகவே போகும், சுலபம். தலை வலிக்குதும்மா என்றாள். காலையில் பல் தேய்க்கும்போதே சொன்னாள். மாத்திரை போட்டுக்க, சரியாயிடும், இன்னிக்கு எடம் பிரிக்கிறாங்க, நீ போகலேன்னா நடு எடம் ரக்ஷிதாவுக்குப் போயிடும் என்றேன். அதைச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை. இந்த நிகழ்ச்சிக்குத்தான், இதே மண்டபத்தில் ஆட வேண்டிய ஆட்டத்துக்குத்தான், மிஸ் அன்றைக்கு யார் எங்கே நிற்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நடு இடம். நடுவில் நின்றால் என்ன கிடைக்கும் என்று இப்போது யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது, அன்றைக்கு அது எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது, ஒன்பது வருடம் கால் பிடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், என் பிள்ளை ஒரு தடவை நடுவில் நின்றாலென்ன என்று. மிஸ் வீட்டு மாடிப்படியில் ரக்ஷிதா அம்மா யுவியின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். ஏங்க யுவஸ்ரீ அம்மா, புள்ளைக்குக் கொதிக்குது, கூட்டிட்டுப் போயிருங்க, எடமெல்லாம் எங்க போயிரப் போவுது என்றாள். எங்க போவும்னு எனக்குத் தெரியாதா என்றேன். அப்படியே சொன்னேன், பிள்ளைகள் முன்னால். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவளும் நானும் கடைசியாகப் பேசியது அதுதான், கடைசியாக அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டதும் அவள்தான். யுவி ஒரு மணி நேரம் ஆடினாள். ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டு, நடு எடம் கெடச்சிருச்சும்மா என்றாள். கன்னம் சுட்டது, நான் சந்தோஷப்பட்டேன். இதுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை, இதைச் சுற்றித்தான் ஒரு வருடமாக வந்துகொண்டிருக்கிறேன். டாக்டர் சொன்னார், அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தாலும் இதே மாத்திரைதாம்மா குடுத்து அனுப்பியிருப்போம் என்று. இவரும் அதையே தினமும் சொல்கிறார். அவர்கள் சொல்வது நிஜமாகக்கூட இருக்கலாம். கழுத்தில் கை வைத்துப் பார்த்தவள் வேறு வீட்டுக்காரி, அம்மா என்று பெயர் எனக்கு. அந்தப் பெயரை யாரும் சொல்லாமல் விட்டதும் ஒருவிதத்தில் நியாயம்தான் என்று தோன்றும் நாளில் எழுந்து பல்கூடத் தேய்க்க மாட்டேன்.

பதினைந்து பேருக்கு முடிந்தது. வெளியே மைக்கை யாரோ ஊதிப் பார்க்கிறார்கள், ஹலோ, ஹலோ, தண்ணீர் கேன் உருளும் சத்தம். கிண்ணத்தில் இன்னும் நிறைய மிச்சம், கை பழக்கத்தில் பதினேழு பேருக்குக் கலந்துவிட்டேன். அடுத்து யாரு என்றேன், யாரும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ரக்ஷிதா நிற்கிறாள். முழு அலங்காரத்தில், நெற்றிச்சுட்டி வைத்து, நீ போ நீ போ என்று எல்லாப் பிள்ளைகளையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக நிற்கிறாள். ஒரு வருடத்தில் என்ன உயரம். யுவி இருந்தால் இவள் தோளுக்கு இருப்பாளா, காதுக்கு இருப்பாளா. இன்றைக்கு நடு இடம் இவளுக்கு. உக்காரும்மா என்றேன். உட்கார்ந்து, காலை நீட்டலாமா வேண்டாமா என்று பட்டுத்துணிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், நானே கணுக்காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். யுவி கால் அளவுதான், இரண்டு பேரும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார்கள், நாங்கள் இரண்டு அம்மாக்களும் அதற்கும் சண்டை போட்டிருக்கிறோம். பாதம் சில்லென்று இருந்தது. வலது காலை முடித்தேன், ஐந்து விரல், ஓரக்கோடு, வட்டம், திட்டில்லை. முப்பத்தொன்று. இடது காலை எடுத்து வைத்தாள், குச்சியைத் தோய்த்தேன்.

"யுவஸ்ரீ அம்மா, அவளுக்கு எடது கட்ட வெரல்ல நகம் பேந்திருக்கு, அல்தா பட்டா எரியும், கொஞ்சம் பாத்து வைங்க."

ம் என்றேன். கூப்பிட்டதற்கு என் வாய் தானாக ம் என்றது, சரி பாத்துக்கறேன் என்றும் சொன்னது, அதன் பிறகுதான் எனக்கே கேட்டது. பெனிட்டா அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. மடியிலிருந்த பாதம் விறைத்தது. சன்னலோரம் ரக்ஷிதா அம்மா ஒரு கையில் பாதி பின்னிய பின்னலோடு, மறுகையால் பல்லில் கடித்திருந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள், நான்கு ஊசி, மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் கழித்து அவளை நேராகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இளைத்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. வேணும்னு சொல்லல. பழக்கத்துல வந்திருச்சு."

"அந்தப் பழக்கத்த விட்றாதீங்க" என்றேன்.

அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது, அடக்கினாள். பின்னல் அவள் கையிலிருந்து பிரிந்தது. அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு வருடம் ஆகும். அன்னைக்கு நீங்க சொன்னீங்க, கழுத்துல கை வச்சுப் பாத்துச் சொன்னீங்க, நான்தான் கேக்கல என்றேன். சத்தம் பெரிதாக வரவில்லை, ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. அவள் பின்னிக்கொண்டிருந்த பிள்ளையைத் தாண்டி வந்து என் எதிரே, அல்தா சிந்தியிருந்த தரையில், பட்டுப்புடவையோடு உட்கார்ந்தாள். நானும் இவளக் காய்ச்சலோட ஆட விட்ருக்கேன், ஒரு தடவையா ரெண்டு தடவையா, மாத்திரையக் குடுத்து முடுக்கி விட்ருக்கேன், இவளையே கேளுங்க என்றாள். எம்புள்ள எந்திரிச்சு வந்திருச்சு, அவ்வளவுதான், வேற ஒண்ணும் வித்தியாசம் இல்ல. சொல்லிவிட்டு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நீங்க வரவே மாட்டீங்களோன்னு பயந்துகிட்டே இருந்தேன், வந்தா எப்படிக் கூப்பிடறதுன்னும் பயம் என்றாள். அவள் வீட்டு ரசத்தை நினைத்தேன், அவளே வந்து வாசலில் நிற்காமல் அனுப்பிய கேரியரை. நான் அழுதேன். மண்டபத்துக்கு வந்து அழக் கூடாது என்று காலையிலிருந்து கட்டிவைத்திருந்தது, சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது, யாரும் தடுக்கவில்லை, பெனிட்டா அம்மா வழக்கம்போல எனக்கு முன்பே ஆரம்பித்திருந்தாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த லிஸ்ட்டு உங்ககிட்டதான வரும், ஒம்பதாவதுல ஒரு பேரு இருக்கு, அத மாத்திருங்க என்றேன். அவளுக்கு உடனே புரிந்தது. எழுந்து போய்ப் பவுடர் டப்பாவைத் தள்ளிக் காகிதத்தை எடுத்தாள், பேனா தேடினாள், கிடைக்கவில்லை, கண் மைப் பென்சிலால் அடித்துவிட்டு மேலே எழுதினாள், நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். கொட்டை எழுத்து, மை அப்பியிருந்தது, மைக்கில் வாசிக்க அது போதும். நேரமாச்சு, நேரமாச்சு என்று வெளியிலிருந்து மிஸ்ஸின் குரல். குச்சியை மறுபடி தோய்த்தேன். பேந்த நகத்தைத் தொடாமல் கட்டைவிரலைச் சுற்றி வைத்தேன், எரியுதா என்றேன், இல்ல ஆன்ட்டி என்றாள் ரக்ஷிதா, மை கரையாமலிருக்க மேலே பார்த்துக் கண்ணைக் கொட்டிக்கொண்டு. நான்கு விரல் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரக்கோட்டை இழுத்தேன், குதிகாலுக்கு வந்தபோது கை நடுங்கிவிட்டது, கோடு நின்றது, மறுபடி எடுத்த இடத்தில் பெரிதாகத் திட்டு விழுந்தது. துண்டால் துடைக்கப் போனேன். அவள் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் ஆன்ட்டி. ஆடறப்ப தெரியாது."